நட்சத்திர மொய்

சின்னமனூர் பழைய சந்தைத் தெருவுல, என்னோட மெடிக்கலுக்கும் இஸ்மாயில் பாயோட செருப்புக்கடைக்கும் நடுவுல ஒம்பதடி அகலத்துல ஒரு கடை இருந்துச்சு, மிக்ஸி கிரைண்டர் குக்கர் ரிப்பேர் பாக்குற கடை, அது ஒரு திங்கக்கிழமை காலையில எட்டே முக்காலுக்கு இல்லாமப் போச்சு, கடைக்குள்ள உக்காந்திருந்த ராசாங்கமும் அதோடயே போயிட்டாரு, அதுக்குக் காரணம் நான்தான். இத முதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா பெறகு வேற யாராச்சும் உங்க காதுல போட்டா, வீரணன் தன் பங்க மட்டும் மறைச்சுப்புட்டான்னு ஆயிரும். எனக்கு நாக்குல சனி. மாத்திரை கேட்டு வர்றவுகளுக்கு மாத்திரையோட சேத்து ஒரு யோசனையும் மடிச்சுக் குடுத்து அனுப்புறவன் நான்.

ராசாங்கம் எனக்கு மாப்ள முறை. ரத்த உறவு இல்ல, தெருவுல பழகிப் பழகி வந்த முறை; அவரு சம்சாரம் பஞ்சவர்ணம் கடை தொறந்த முதல் நாளே என்னைய அண்ணேன்னு கூப்பிட்டுருச்சு, அதோட அது முடிவாகிப் போச்சு. மாப்ள, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு நெனைக்கிற ஆளு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதுவும் கணக்கா, சரி, நாளைக்கு, பிரஷ் போச்சு, சாப்பிட்டேன், அவ்வளவுதான். முன்னால ஸ்டூல்ல உக்காந்து வந்தவுகளை விசாரிச்சு, சாமானை வாங்கி, சீட்டுக் கட்டி, நாள் சொல்லி அனுப்புறது எல்லாம் பஞ்சவர்ணம். கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருசம், அந்த இருபத்தி ரெண்டு வருசமும் அந்தப் பொம்பள ஒருத்தியாவே ரெண்டு பேரு பேச்சையும் பேசிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னாத் தப்பில்ல.

மூணு வருசத்துக்கு முந்தி, இ-சேவை மையம் நடத்துற வளர்மதிதான் அந்தக் கடைய மேப்புல ஏத்திவிட்டுச்சு. அதுக்குப் பெறகு கம்பத்துலருந்தும் போடியிலருந்தும் மேல ஏலத்தோட்டத்துலருந்தும் ஆளுக மிக்ஸியத் துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு, போன் காட்டுன வழியில நேரா வந்து நிப்பாங்க. உள்ளூர்க்காரன் மிக்ஸி கெட்டாப் புதுசு வாங்குறான், வெளியூர்க்காரன்தான் ரிப்பேர் பாக்குறான். ஆகக்கூடி அந்தக் கடை மேப்புலதான் சோறு தின்னுச்சு. அப்பறம் பைபாஸ் ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்டு ஒரு சர்வீஸ் சென்டர் வந்துச்சு, அவனுக்கு நானூறு பேரு நட்சத்திரம் போட்டிருந்தாங்க, மாப்ள கடைக்குப் பதினோரு பேரு. போன் எல்லாரையும் பைபாஸுக்கே கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. பஞ்சவர்ணம் எங்கிட்டத் தலவலி மாத்திரை வாங்க வந்தப்ப இதச் சொல்லிக் கண்ணத் தொடச்சுச்சு, நான் மாத்திரையக் குடுத்துட்டு சும்மா இருந்திருக்கலாம், இருந்தேனா.

எங்க பக்கத்துல வசந்த விழான்னு ஒண்ணு உண்டு. காதுகுத்து இல்ல, கல்யாணம் இல்ல, வேற விசேசமே இல்லாட்டியும் பத்திரிகை அடிச்சு, மைக் கட்டி, சனங்களக் கூப்பிட்டு மொய் வாங்குறது. இன்னாரு இவ்வளவுன்னு மைக்குல சொல்லுவாங்க, வாங்குனவுக நாளைக்கு அவுக வீட்டு விசேசத்துல போய்த் திருப்பிச் செய்யணும், இப்படி ஒருத்தருக்கொருத்தர் செஞ்சு செஞ்சு ஊரே ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுக் கெடக்கும். வச்ச மொய்ய வச்சவனே கேட்டுத் திருப்பி வாங்கிட்டான்னா, இனி உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு அர்த்தம். நான் சொன்னேன், "தங்கச்சி, பணம் எதுக்கு? ஒரு ஞாயித்துக்கிழமை பந்தலப் போடு, ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் மொய் வைக்கட்டும்."

வச்சாங்க. லெமன் சாதமும் சுக்குக் காப்பியும் குடுத்து, ரேடியோ செட்டு கட்டி, நான் மைக்கப் பிடிச்சுக்கிட்டு, மெடிக்கல் வீரணன் அஞ்சு நட்சத்திரம், செருப்புக்கடை இஸ்மாயில் பாய் குடும்பத்தார் அஞ்சு நட்சத்திரம், இட்லிக்கடை கோட்டையம்மா அஞ்சு நட்சத்திரம்னு சாயங்காலம் வரைக்கும் தொண்ட கட்டக் கத்துனேன். மொத்தம் நூத்திப் பதினெட்டு. அம்புட்டும் என் கடை வைஃபைலதான். என்ன எழுதுறதுன்னு கேட்டவுகளுக்கு நானே ஒரு வாசகம் சொல்லிக் குடுத்தேன், "கடை நல்ல கடை, முதலாளி நல்ல மனுசன், பல்லாண்டு வாழ்க" அப்படின்னு, நூத்திப் பதினெட்டு பேரும் ஒரு புள்ளி மாறாம அதையே போட்டாங்க. அவுகள்ல முக்காவாசிப் பேரு அந்தக் கடையில ஒரு குக்கர் விசிலு கூட மாத்துனதில்ல. மாப்ள மட்டும் உள்ள ஒரு கிரைண்டரக் கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அன்னைக்கு அவரு பேசுன நாலு வார்த்தையில மூணு, "எனக்கு இது பிடிக்கல." யாரு கேட்டா.

மறுநாள் காலையில ஏழு மணிக்கு எப்பவும் போல அவரு வந்து ஷட்டரத் தூக்கிட்டு உள்ள போனதை நானே பாத்தேன். எட்டே முக்காலுக்கு வளர்மதிக்கு மெயில் வந்துச்சு, போலி மதிப்புரைகள் காரணமாக உங்கள் வணிகப் பதிவு இடைநிறுத்தப்பட்டுள்ளதுன்னு. ஒம்பது மணிக்கு பஞ்சவர்ணம் சாப்பாட்டு கேரியரோட வந்து நின்னப்ப, என் சுவரும் பாய் சுவரும் ஒட்டி நின்னுச்சு, நடுவுல ஒரு காயித்தத்தச் சொருகக் கூட எடமில்ல. போர்டு இல்ல, ஷட்டர் இல்ல, படி இல்ல. தங்கச்சி கேரியரக் கையில வச்சுக்கிட்டு என் கடைய ஒருதரம், பாய் கடைய ஒருதரம் பாத்துச்சு. அப்பத்தான் என் கடைச் சுவத்துக்குள்ள மிக்ஸி ஓடுற சத்தம் கேட்டுச்சு.

ஓடிப்போய்ச் சுவத்துல காத வச்சு, "ஏங்க" அப்படின்னுச்சு. மிக்ஸி நின்னுச்சு. "என்ன?" அப்படின்னு மாப்ள குரல்.

"எங்கங்க இருக்கீக?"

"கடையிலதான்."

"வெளிய வாங்க."

உள்ள செருப்புச் சத்தம் வாசப்பக்கம் போயித் திரும்புச்சு. பெறகு, "ஷட்டர் தொறந்துதான் இருக்கு வர்ணம். தெருவத்தான் காணோம்" அப்படின்னாரு. அவரு வாயிலருந்து ஒரே மூச்சுல அம்புட்டு வார்த்தை வந்தத நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

முதல் நாள் தெருவே கூடி நின்னுச்சு. மத்தியானத்துக்கு மேல டீக்கடைக்குப் போயிருச்சு. போலீஸ்காரரு ஒருத்தரு வந்து சுவத்தத் தட்டிப் பாத்து, மாப்ளகிட்டப் பேரு வயசு எல்லாம் விசாரிச்சுட்டு, ஆளு இருக்கிற எடம் தெரிஞ்சதுனால காணாமப் போனதா எழுத வழியில்லம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கரண்டு ரீடிங் எடுக்கிறவரு வந்தாரு, மீட்டரக் காணோம், அவரு ஒண்ணும் தலையச் சொறியல, சுவத்துல வாய வச்சு ரீடிங் சொல்லுங்கண்ணேன்னாரு, மாப்ள உள்ளருந்து நம்பரச் சொன்னாரு, குறிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. என் கடைக்கு வர்றவுக, அண்ணே அமிர்தாஞ்சனம் ஒண்ணுன்னு சொல்லிட்டு, சுவத்தப் பாத்து, நல்லா இருக்கீகளா ராசாங்கம்ணேன்னு கேட்டுட்டுப் போவாங்க. சொன்னா நம்ப மாட்டீக, ஒரு வாரத்துல அது வெயிலடிக்கிற மாதிரி சாதாரணமாப் போச்சு. பழகாதது ஒரே ஒருத்திதான்.

தங்கச்சி என் கடைக்குள்ள வந்து ஸ்டூலப் போட்டுச் சுவத்தோரமா உக்காந்துக்கிருச்சு. மாப்ளக்குப் பசிக்கல. திங்கக்கிழமை காலையில தின்ன இட்லியே வயித்துல அப்படியே இருக்குன்னாரு, கடிகாரம் எட்டே முக்கால விட்டு நகரலயாம். ஆனாலும் அது தினம் கேரியர் கொண்டாந்துச்சு. மூணாம் நாள் கம்பத்துலருந்து ஒரு அம்மா மிக்ஸியத் தூக்கிக்கிட்டு வந்து தெருவுல முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, முன்னால வந்த பழக்கத்துல வந்தது. தங்கச்சி அதை வாங்கி என் பிளக்குல சொருகி ஓட்டிப் பாத்துச்சு, மூச்சே காணோம். சுவத்துக்குள்ளருந்து, "அடியில சிவப்பா ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கு" அப்படின்னு குரல் வந்துச்சு. அமுக்குச்சு. ஓடிருச்சு. கம்பத்துக்காரம்மா சுவத்தப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு.

அதுக்கப்பறம் தெனத்துக்கும் ஒண்ணு ரெண்டு வந்துச்சு. மாப்ள சத்தத்த வச்சே கோளாறு சொல்லுவாரு. எந்த ஸ்குரூவ மொதல்ல கழட்டணும், எந்த வயரு எங்க போகும், மோட்டார் பிரஷ் தேஞ்சுதுன்னா எப்படித் தெரியும்னு அவரு ஒவ்வொண்ணா வாயாலயே சொல்ல வேண்டியதாப் போச்சு, தங்கச்சி ஒவ்வொண்ணா கையாலயே செய்ய வேண்டியதாப் போச்சு. இருபத்தி ரெண்டு வருசமா நாலு வார்த்தைக்கு மேல தாண்டாத ஆளு, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், மெதுவா, வெரலு பத்திரம்னு காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாரு. அப்படிப் பேசப் போயி, மிக்ஸி முடிஞ்ச பெறகும் பேச்சு நிக்கல.

"வர்ணம், கல்யாணத்தன்னைக்கு நீ பச்சைப் பட்டு கட்டியிருந்தயில்ல. எனக்குப் பச்சை பிடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. தள்ளுபடியில அதுதான் கெடச்சுச்சு."

"நான் யாரோ சொல்லித்தான் கட்டிருக்கன்னு இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

தங்கச்சி கையில ஸ்குரூ டிரைவர வச்சுக்கிட்டு அப்படியே சிரிச்சுச்சு, சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. ஏங்க, இத முன்னாடியே கேட்டிருக்கலாமில்லன்னு கேட்டதுக்கு உள்ள மறுபடியும் மிக்ஸி ஓட ஆரம்பிச்சுச்சு. நான் ஒண்ணும் கேக்காத மாதிரி இருமல் மருந்துப் பாட்டில அடுக்கிக்கிட்டிருந்தேன். அடுக்குனதையே எடுத்து மறுபடியும் அடுக்குனேன்.

பத்தாம் நாள் மாப்ள குரல் கொஞ்சம் கம்மிப் போயி, "வர்ணம், பின்னாடி அலமாரிய நேத்து பாத்தேன். இன்னைக்கு இல்ல" அப்படின்னாரு. மறுநாள் கிரைண்டர் கல்லெல்லாம் அடுக்கியிருந்த மூலை இல்ல. அதுக்கு மறுநாள் பழைய மோட்டார் போட்டு வச்ச பெட்டி. கடை பின்னாலருந்து முன்னாலயா அழிஞ்சுக்கிட்டே வந்துச்சு, அவரு மேசைய இழுத்து இழுத்து முன்னுக்குப் போட்டுக்கிட்டு உக்காந்தாரு. வளர்மதி எல்லா விதியையும் படிச்சுட்டு வந்து சொன்னுச்சு: "அக்கா, மேல்முறையீடு ஒரே தடவைதான். நிராகரிச்சுட்டா அந்தப் பதிவையே அழிச்சுருவாங்க. கடை இருக்கிற எடத்துல வெட்டாம ஒட்டாம ஒரே மூச்சுல வீடியோ எடுத்து அனுப்பணும், தெருப் போர்டுல ஆரம்பிச்சு, கடை முகப்பு, உள்ள சாமான், நடத்துறது யாரு, எல்லாம் தெரியணும்." இல்லாத கடைய எங்கிட்டுப் போய் வீடியோ எடுக்கிறது.

மறுபடியும் நான் வாயத் தொறந்தேன். பாய் கடைய ஒரு நாளைக்கு ஒழிச்சு வச்சுட்டு, புதுசா ஒரு போர்டு எழுதி மாட்டி, நாலு மிக்ஸிய வச்சு எடுத்துருவோம்னேன். பாய் பாவம், சரின்னுட்டாரு. சுவரு சொன்னுச்சு, "வேணாம் மச்சான். ஏற்கனவே ஒருதரம் பண்ணியாச்சு." அவ்வளவுதான் சொன்னாரு, எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. பெறகு அவரே, "வர்ணம், அந்த நூத்திப் பதினெட்டையும் எடுக்கச் சொல்லு. அது நம்ம சம்பாதிச்சதில்ல" அப்படின்னாரு.

எடுக்கச் சொல்றதா. மொய்யவா. தங்கச்சி போய்க் கேட்ட முதல் வீட்டுலயே, நாங்க என்னத்தா குத்தம் பண்ணோம், எங்க மொய்ய வேணாங்கிறன்னு அழுதுட்டாங்க. அடுத்த வீட்டுல, எடுக்கச் சொல்லாத, எங்களை விட்டுரு, அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்னாங்க. அந்த ஆளு மேல அம்புட்டுப் பிரியம் வச்சிருந்த சனம்தான், பிரியத்துலதான் மாட்டேன்னுச்சு. மூணு வீடு ஏறி எறங்கிட்டு தங்கச்சி என் கடைக்கு வந்து நின்னு, "அண்ணே, முதல் மொய் நீங்கதான் வச்சீக. முதல்ல நீங்க எடுங்க" அப்படின்னுச்சு.

நானும் மாட்டேன்னுதான் சொன்னேன். உள்ளதச் சொல்றேன். எனக்குக் கூடப் பொறந்தது ஒண்ணும் கெடையாது, அண்ணேன்னு கூப்பிட இந்த உலகத்துல அது ஒருத்திதான், அதுக்கு வச்ச மொய்ய என் கையால எடுக்கணும்னா எனக்கு வெரலு வரல. "எடுத்தா உறவு முறிஞ்சுரும் தங்கச்சி"ன்னேன்.

"முறியாது. நீங்க எடுங்க. எடுத்துட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

எடுத்தேன். போன் ஒருதரம் கேட்டுச்சு, நிச்சயமா நீக்கவான்னு. நீக்குன்னு அமுக்கிட்டு, குடத்துலருந்து தண்ணி மோந்து குடுத்தேன், அது அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சுட்டு டம்ளர என் கையில குடுத்துச்சு. இந்தா, உன் வீட்டுத் தண்ணிய நான் குடிச்சிருக்கேன், உறவு அப்படியே இருக்குன்னு அதுக்கு அர்த்தம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்நேரம் வெளிய நின்ன இஸ்மாயில் பாய், இங்க வந்து பாருங்கன்னு கூப்பிட்டாரு. ரெண்டு சுவத்துக்கும் நடுவுல மேலருந்து கீழ வரைக்கும், தலமுடி கனத்துல ஒரு கோடு விழுந்திருந்துச்சு.

அதப் பாத்த பெறகு ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல. பாய் அங்கனயே எடுத்துட்டு கடைப் பானையிலருந்து தண்ணி குடுத்தாரு. தங்கச்சி வீடு வீடாப் போச்சு, அவுக நட்சத்திரத்த எடுக்க, இது தண்ணியக் குடிக்க, அவுக எடுக்க, இது குடிக்க, ஒரு வீட்டுல மோரு, ஒரு வீட்டுல ரஸ்னா, ஒரு வீட்டுல பச்சத் தண்ணி, நாலு நாள்ல நூத்திப் பதினெட்டு டம்ளரு. எந்த வீட்டுலயும் வேணாம்னு சொல்லல, எங்கயும் மிச்சம் வைக்கல. நடுவுல வயிறு உப்புசமாகி நான் மாத்திரை குடுத்தேன். கோடு நூலாச்சு, நூலு கயிறாச்சு, வெரலு நொழையுற சந்தாச்சு.

கடைசியா இருந்தது இட்லிக்கடை கோட்டையம்மா. அது போனத் தூக்கிக்கிட்டு வந்து, "நான் எடுக்கிறேன். ஆனா எடுத்துட்டு சும்மா போக மாட்டேன். மெய்யாலுமே கிரைண்டர் குடுத்து வாங்குனவ நான். அன்னைக்கு இந்த மெடிக்கல்காரன் சொன்ன வாசகத்தப் போட்டேன், இன்னைக்கு என் வாசகத்தப் போடணும்" அப்படின்னுச்சு. வளர்மதி எழுத, அது சொல்லச் சொல்ல இப்படி வந்துச்சு: கிரைண்டர வியாழக்கிழமை தாரேன்னாரு, அடுத்த செவ்வாக்கெழமைதான் தந்தாரு, அஞ்சு நாள் மாவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஏன்னு கேட்டதுக்கு வாயத் தொறக்கல, கல்லு மாதிரி நின்னாரு, ஆனா அதுக்குப் பெறகு ஆறு வருசமா அது ஒருநா நிக்கல. மூணு நட்சத்திரம். போட்டு முடிச்ச ஒடனே சுவத்துக்குள்ளருந்து மாப்ள, "வர்ணம், அலமாரி வந்துருச்சு" அப்படின்னாரு. கோட்டையம்மா சந்துல வாய வச்சு, "அந்த அஞ்சு நாளுக்கு ஏன்யா பதில் சொல்லல?" அப்படின்னு கேட்டுச்சு. "பெல்ட்டு மதுரையிலருந்து வரலத்தா" அப்படின்னாரு. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு நட்சத்திரம் போட்டிருப்பேன்ல."

நூத்திப் பதினெட்டும் போன அன்னைக்கு சந்து ஒரு சாண் அகலம் இருந்துச்சு. ஒரு ஆளு நொழைய முடியாது, மொகம் தெரியும். தங்கச்சி போய் நின்னு எட்டிப் பாத்துச்சு. மாப்ள மேசை ஓரமா நின்னாரு, திங்கக்கிழமை போட்ட அதே சட்டை, தாடி கூட வளரல. பதினெட்டு நாளாச் சுவத்தோட பேசித் தீத்த ரெண்டு பேரும் நேருக்கு நேரு பாத்துக்கிட்டாங்க. தங்கச்சி, நல்லா இருக்கீகளான்னு கேட்டதுக்கு அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு. சந்து அதுக்கு மேல விரியல. வளர்மதி சொன்னுச்சு, "அக்கா, இனிமே வீடியோதான்."

மறுநாள் காலையில தெரு மொத்தமும் வழி விட்டு ஒதுங்கி நின்னுச்சு. தங்கச்சி போனப் பிடிச்சுக்கிட்டு, பழைய சந்தைத் தெருங்கிற போர்டுல ஆரம்பிச்சு, டீக்கடை, வளர்மதி இ-சேவை, என் மெடிக்கல்னு ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டே மெதுவா நடந்து வந்து, சந்துகிட்ட நின்னு, இனி மேல போக எனக்கு எடமில்ல, உள்ள அவுக காட்டுவாகன்னு சொல்லி, எடுத்துக்கிட்டிருந்த போன நிறுத்தாம அப்படியே சந்துக்குள்ள நீட்டுச்சு. உள்ளருந்து ஒரு கை வந்து, மொதல்ல தங்கச்சி கையப் பிடிச்சுச்சு, பெறகுதான் போனப் பிடிச்சுச்சு. அப்படிக் கொஞ்ச நேரம் ரெண்டு கையிலயும் போன் இருந்துச்சு.

மாப்ள போன் திரையப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சாரு, கூட்டத்துல நின்ன எங்க அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. "இது மேசை. இது மூணு ஸ்குரூ டிரைவரு. இது பெல்ட்டுப் பெட்டி, மதுரையிலருந்து வரும், சில நேரம் வராது. இது அலமாரி, நடுவுல காணாமப் போயி வந்துச்சு. போன மாசம் நூத்திப் பதினெட்டு பேரு எங்களுக்கு நட்சத்திரம் குடுத்தாங்க, அது பிரியத்துல குடுத்தது, வேலைக்குக் குடுத்ததில்ல, எடுத்தாச்சு. தப்பு எங்களுதுதான்." அப்பறம் போன வெளிப் பக்கமாத் திருப்புனாரு, அந்த ஒரு சாண் சந்துல வெயில்ல நின்னுக்கிட்டிருந்த எங்க தங்கச்சி மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். "அங்க நிக்கிறது முதலாளி. பேரு பஞ்சவர்ணம். போர்டுல என் பேரு இருக்கு, அது அப்ப யோசிக்காம எழுதிட்டோம். கடைய நடத்துறது அவதான். இப்ப ரிப்பேரும் பாக்குறா, நல்லாப் பாக்குறா. நான் அவகிட்ட வேலை பாக்குறேன்."

தங்கச்சி முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிருச்சு, வீடியோவுல அழுகைச் சத்தம் கேட்டுறக் கூடாதுன்னு.

அனுப்பி மூணாம் நாள், திங்கக்கிழமை பதினோரு மணி சுமாருக்கு, வளர்மதி செருப்பில்லாம ஓடி வந்துச்சு. மெயிலப் படிக்கிறதுக்குள்ளயே என் சுவரு ஒரு பக்கமா நகர்றத நான் கண்ணால பாத்தேன், மருந்து அலமாரியில ஒரு பாட்டிலு கூட ஆடல, பாய் கடையும் அந்தாண்ட நகந்துச்சு, நடுவுல ஒம்பதடி, படி, ஷட்டர், போர்டு எல்லாம் இருந்த எடத்துல இருந்துச்சு. மாப்ள படியில எறங்கி வந்து, வெயிலப் பாத்துக் கண்ணச் சுருக்கிக்கிட்டு, "மணி என்ன?" அப்படின்னாரு. கோட்டையம்மா திருஷ்டி சுத்திப் போட்டுச்சு. எல்லாரும் அழுதோம், பாய் உள்பட. ஒரு மணி நேரங்கழிச்சு அவுகவுக வேலையப் பாக்கப் போயிட்டோம்.

ஆனா ரெண்டு நாளு கழிச்சுத் தங்கச்சி என்கிட்ட வந்து, கவுண்டர்ல கைய வச்சுக்கிட்டு, "அண்ணே, ஆளு வந்துட்டாக. பேச்சு வரல" அப்படின்னுச்சு. பழையபடி சரி, நாளைக்கு, பிரஷ் போச்சு, சாப்பிட்டேன். எதுக்க உக்காந்து எதக் கேட்டாலும் மொகத்தப் பாக்குறாராம், பாத்த ஒடனே குனிஞ்சு ஸ்குரூவத் திருக ஆரம்பிச்சுர்றாராம். ஆள மீட்டாச்சு, இதுக்கு யாருகிட்டண்ணே மனு போடன்னு கேட்டுச்சு. என் நாக்கு நுனியில ரெண்டு யோசனை வந்து நின்னுச்சு. சாமி சத்தியமா, பல்லக் கடிச்சு முழுங்கிட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு, தங்கச்சி அவரு முன்னால கேரியரப் பிரிச்சு வச்சுச்சு, சோத்தப் போட்டுச்சு, கொழம்ப ஊத்துச்சு, தன் தட்ட மட்டும் கையில எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு என் கடைக்குள்ள வந்துருச்சு. சுவத்தோரமா அந்த ஸ்டூல்ல உக்காந்து, முதுகச் சாச்சுக்கிட்டு, வெரலால ரெண்டு தட்டுத் தட்டுச்சு.

"ஏங்க. சாப்பிடுறீகளா?"

அந்தப் பக்கம் தட்டுல வெரலு படுற சத்தம் மட்டும். பெறகு ஒரு நாற்காலி தரையில இழுபட்டு, சுவத்துக்கிட்ட வந்து நின்னுச்சு.

"வர்ணம்," அப்படின்னாரு. "உள்ள இருந்த மூணு வாரத்துல உங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சு, சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு."

நான் கல்லாவப் பூட்டிட்டு, சத்தம் வராம செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. அன்னைக்கு முடிஞ்சதில்ல, இன்னைக்கும் தெனம் ஒரு மணிக்கு அது தட்ட எடுத்துக்கிட்டு வந்துரும், நான் டீக்கடையில போய் உக்காந்துக்குவேன். காச்சல் மாத்திரைக்கு வர்றவுக வெளிய நின்னு திட்டுறாங்க. அதுனால வளர்மதிகிட்டச் சொல்லி மேப்புல என் கடை நேரத்த மாத்தி வச்சிருக்கேன், மத்தியானம் ஒண்ணுலருந்து ரெண்டு வரைக்கும் மூடியிருக்கும்னு. காரணம் என்ன எழுதண்ணேன்னு அது கேட்டுச்சு. உள்ளதயே எழுதுத்தா, பக்கத்துக் கடையில பேசிக்கிட்டிருக்காங்கன்னேன்.